கஹோக்கியா மண்மேடுகள்: முதல்முறை போகிறவர்கள் எங்கே தொடங்கி எங்கே முடிக்க வேண்டும்

அமெரிக்காவில் வெள்ளையர் வருவதற்கு முந்தைய நகரம் ஒன்றைப் பார்க்க வேண்டும் என்று யாராவது கேட்டால் நான் முதலில் சொல்வது கஹோக்கியாவைத்தான். மிசிசிப்பி ஆற்றின் கிழக்குக் கரைச் சமவெளியில், இல்லினாய் மாநிலத்தின் காலின்ஸ்வில் ஊரை ஒட்டி இருக்கிறது. ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருக்கும் செயின்ட் லூயிஸ் நகர மையத்திலிருந்து காரில் கால் மணி நேரம்தான். கி.பி. 1050 முதல் 1200 வரையிலான செழிப்பான காலத்தில் இங்கே 10,000 முதல் 20,000 பேர் வாழ்ந்திருக்கலாம் என்பது ஆய்வாளர்கள் பலரின் கணிப்பு. மெக்சிகோவுக்கு வடக்கே அந்தக் காலத்தில் இதைவிடப் பெரிய ஊர் இருந்ததாகத் தெரியவில்லை. 1982இல் யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது.

இத்தனை பெருமை இருந்தும், போய்விட்டு முகம் வாடித் திரும்புகிறவர்களே அதிகம். கல்லில் செதுக்கிய வாசல் இல்லை, தூண் இல்லை, இடிந்து நிற்கும் சுவர்கூட இல்லை. புல் மூடிய மேடுகளும் அவற்றுக்கிடையே வெட்டவெளியும்தான் கண்ணில் படும். வருகிறவர்கள் பெரிய மேட்டின் அடியில் காரை நிறுத்துகிறார்கள், மேலே ஏறுகிறார்கள், நான்கு படம் எடுக்கிறார்கள், அரை மணி நேரத்தில் கிளம்பிவிடுகிறார்கள். குறை அந்த இடத்தில் இல்லை, பார்க்கும் வரிசையில் இருக்கிறது. மண்ணால் எழுப்பிய நகரத்தை உச்சியிலிருந்து பார்க்கத் தொடங்கினால் ஒன்றும் பிடிபடாது. தெற்கே தொடங்கி, தரையில் நடந்து, திடலைக் கடந்து, கடைசியில்தான் ஏற வேண்டும். அந்த வரிசையில்தான் இங்கே எழுதியிருக்கிறேன்.

கிளம்பும் முன்

முதல் எச்சரிக்கை, வழிகாட்டிச் செயலியில் 'கஹோக்கியா' என்று மட்டும் தட்டாதீர்கள். அதே பெயரில் தென்மேற்கே ஆற்றோரமாக இன்னோர் ஊர் இருக்கிறது. 1699இல் பிரெஞ்சுப் பாதிரியார்கள் தொடங்கிய குடியிருப்பு அது. அங்கே பழைய மரத் தேவாலயம் ஒன்று உண்டு, அதுவும் பார்க்கத் தகுந்ததுதான், ஆனால் மேடுகள் அங்கே இல்லை. 'கஹோக்கியா மவுண்ட்ஸ் ஸ்டேட் ஹிஸ்டாரிக் சைட், காலின்ஸ்வில்' என்று முழுப் பெயரையும் கொடுங்கள். செயின்ட் லூயிஸிலிருந்து வருகிறவர்கள் 55/70 நெடுஞ்சாலையில் கிழக்கே வந்து, 6ஆம் எண் வெளிவழியில் இறங்கி, 111ஆம் எண் சாலையில் தெற்கே போய், காலின்ஸ்வில் சாலையில் இடப்பக்கம் திரும்ப வேண்டும். சிறிது தூரத்தில் பெரிய மேடு தானே கண்ணில் விழும். சிகாகோவிலிருந்து வந்தால் 55ஆம் எண் நெடுஞ்சாலையிலேயே ஏறக்குறைய ஐந்து மணி நேரப் பயணம். கார் இல்லாதவர்கள் செயின்ட் லூயிஸ் வரை ரயிலில் வந்து, அங்கிருந்து வாடகைக் கார் எடுப்பது நல்லது.

அடுத்தது, அருங்காட்சியகம் திறந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். 1989இல் திறந்த பெரிய விளக்கக் கூடம் ஒன்று வளாகத்துக்குள் இருக்கிறது. சீரமைப்பு வேலைக்காக 2022இல் அதை மூடினார்கள். திறப்பு பற்றிய தகவல் வளாகத்தின் அதிகாரபூர்வ இணையதளத்தில் இருக்கும். கூடம் மூடியிருந்தாலும் மேடுகளையும் நடைபாதைகளையும் பகல் வெளிச்சம் இருக்கும் வரை பார்க்கலாம். நுழைவுக் கட்டணம் இல்லை. நன்கொடை கேட்பார்கள், கொடுத்துவிட்டு வாருங்கள். அந்த இடம் இன்று நிற்பதே பலர் விடாமல் போராடியதால்தான். அதைப் பிறகு சொல்கிறேன்.

பருவத்தைப் பொறுத்தவரை ஏப்ரல், மே, செப்டம்பர், அக்டோபர் மாதங்கள் நன்றாக இருக்கும். ஜூலை, ஆகஸ்டில் ஆற்றுச் சமவெளியின் புழுக்கம் கடுமையாக இருக்கும், மேடுகளின் மேல் நிழலே கிடையாது. குளிர்காலத்தில் மரங்கள் இலை உதிர்த்திருப்பதால் மேடுகளின் வடிவம் மிகத் தெளிவாகத் தெரியும். குளிரைத் தாங்கக்கூடியவர்களுக்கு நான் டிசம்பரைத்தான் சொல்வேன். தண்ணீரும் கொறிக்க ஏதாவதும் கையிலேயே கொண்டு போங்கள். கோடையில் உயரப் புல்லுக்குள் போனால் உண்ணி ஒட்டிக்கொள்ளும், முழுக்கால் சட்டையும் மூடிய காலணியும் போட்டுக்கொள்ளுங்கள். அரை நாள் ஒதுக்குங்கள். ஒரு மணி நேரத்தில் முடித்துவிடலாம் என்று நினைத்தால் போகாமல் இருப்பதே மேல்.

வீட்டிலேயே தெரிந்துகொள்ள வேண்டிய மூன்று செய்திகள்

இந்த நகரத்தைக் கட்டியவர்களிடம் இரும்பு இல்லை, சக்கர வண்டி இல்லை, சுமை இழுக்கும் மாடோ குதிரையோ இல்லை. மண்வெட்டி உண்டு, அதன் முனை கல்லால் ஆனது. தெற்கு இல்லினாயின் மில் க்ரீக் பகுதியில் கிடைக்கும் கடினமான கல்லைத் தட்டிச் சீவி மரப்பிடியில் கட்டிய கருவி அது. வெட்டிய மண்ணைக் கூடையில் அள்ளி, முதுகில் சுமந்து கொட்டினார்கள். இங்கே நீங்கள் பார்க்கப்போகும் ஒவ்வொரு மேடும் அப்படி எழுந்ததுதான். மேட்டை வெட்டிப் பார்த்த இடங்களில், வேறுவேறு நிற மண் கூடை கூடையாக விழுந்த தடம் இன்றும் தெரிகிறது.

அடுத்தது, மேடுகளின் வடிவம். உச்சி தட்டையான மேடுகளின் மேல் கட்டடங்கள் இருந்தன. தலைவர்களின் வீடு, கோயில், இறந்தோரின் எலும்புகளை வைக்கும் மண்டபம் என ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். கூம்பு வடிவ மேடுகள் பெரும்பாலும் அடக்கம் தொடர்பானவை. மூன்றாவது வகை அரிது. கூரையின் முகடுபோல நீளவாட்டில் உச்சி கொண்டவை, நகரத்தின் முக்கியமான கோடுகளிலும் எல்லைகளிலும் இருக்கின்றன. இந்த மூன்றையும் மனத்தில் வைத்துக்கொண்டால், வளாகத்தில் எந்த மேட்டின் முன் நின்றாலும் என்ன பார்க்கிறோம் என்று ஓரளவு புரியும். மொத்தம் 120 மேடுகள் வரை இருந்தன. சுமார் 80 மிஞ்சியிருக்கின்றன.

மூன்றாவது, வீடுகள். மரக்கம்பம் நட்டு, மண் பூசி, புல் வேய்ந்தவை. அவை எல்லாம் மக்கிப் போய்விட்டன. கம்பம் நின்ற குழிகளும் சுவர் நட்ட பள்ளங்களும் மண்ணில் நிறம் மாறிய கறைகளாக மட்டும் எஞ்சின. அந்தக் கறைகளைப் படித்துத்தான் ஒரு நகரத்தையே மீட்டெடுத்திருக்கிறார்கள். உண்டது பெரும்பாலும் மக்காச்சோளம், அதோடு பூசணி, சூரியகாந்தி, சிறுவிதைத் தானியங்கள், மான், மீன்.

நடை: தெற்கிலிருந்து வடக்கே

விளக்கக் கூடத்தின் அருகே உள்ள வாகன நிறுத்தத்தில் காரை விடுங்கள். பெரிய மேடு வடக்கே தெரியும். அதைப் பார்த்ததும் கால் அந்தப் பக்கம் இழுக்கும். போகாதீர்கள்.

முதலில் பக்கத்திலேயே இருக்கும் இரட்டை மேடுகளுக்கு வாருங்கள். ஃபாக்ஸ் மேடு, ரவுண்ட்டாப் மேடு என்று பெயர். ஒன்று தட்டை உச்சி, மற்றொன்று கூம்பு. இரண்டும் ஒட்டி நிற்கின்றன. தட்டை மேட்டில் இறந்தோருக்குரிய மண்டபம் இருந்து, கூம்பில் அடக்கம் நடந்திருக்கலாம் என்பது ஒரு விளக்கம். இரண்டு வகை மேடுகளையும் ஒரே பார்வையில் பார்க்க இதைவிட நல்ல இடம் கிடையாது, அதனால்தான் இங்கிருந்து தொடங்கச் சொல்கிறேன். பிள்ளைகளை அழைத்து வந்தால், எது எந்த வகை என்று அவர்களையே சொல்ல விடுங்கள்.

அங்கிருந்து தெற்கே, 72ஆம் எண் மேட்டுக்குப் போகும் பாதையைப் பிடியுங்கள். இந்த எண்கள் ஆய்வாளர்கள் அடையாளத்துக்கு இட்டவை. கூட்டம் இங்கே வராது, ஏனென்றால் பார்க்க ஒன்றுமே இல்லாததுபோல் இருக்கும். சுமார் 10 அடி உயரம், முகடு வடிவம். ஆனால் கஹோக்கியாவைப் பற்றிய மிகக் கனமான செய்திகள் இந்தச் சிறிய மேட்டிலிருந்துதான் கிடைத்தன.

1967 முதல் 1971 வரை மெல்வின் ஃபவுலர் என்ற தொல்லியலாளர் இதை அகழ்ந்தார். நகரத்தின் நடுக்கோட்டில் ஒரு முக்கியக் கம்பம் நின்றிருக்க வேண்டும் என்று கணித்து, அதைத் தேடித்தான் இங்கே தோண்டினார். கம்பத்தின் குழியும் கிடைத்தது. கூடவே 250க்கும் மேற்பட்ட மனிதர்களின் எலும்புகள் வெளிவந்தன. ஓரிடத்தில் 20,000க்கும் அதிகமான கடற்சிப்பி மணிகள் பறவை வடிவில் பரப்பப்பட்டு, அதோடு இருவர் கிடத்தப்பட்டிருந்தார்கள். அருகே நூற்றுக்கணக்கான அம்புமுனைகள், சுருட்டிய செப்புத் தகடு, காக்காப்பொன், விளையாட்டுக்குரிய வட்டக் கற்கள். வேறொரு குழியில் 53 பேர், ஏறக்குறைய எல்லாரும் இளம்பெண்கள், வரிசையாக அடுக்கிக் கிடத்தப்பட்டிருந்தார்கள். இன்னோரிடத்தில் தலையும் கைகளும் இல்லாத நான்கு ஆண்கள். மற்றொரு குழியில் அடித்துக் கொல்லப்பட்ட ஆண்களும் பெண்களுமாக 39 பேர்.

நீண்ட காலம் இதை 'மாவீரன் ஒருவனின் கல்லறை' என்றே எழுதிவந்தார்கள். 2016இல் எலும்புகளை மீண்டும் ஆராய்ந்தபோது, மணிகளின் நடுவே இருந்தது ஆணும் பெண்ணுமாக ஓர் இணை என்றும், சுற்றிலும் வேறு ஆண்களும் பெண்களும் இருந்தார்கள் என்றும் தெரிந்தது. போர்த்தலைவன் கதை அதோடு ஆட்டம் கண்டது. பழைய நூல்களிலும் பல காணொளிகளிலும் இன்னும் பழைய விளக்கமே ஓடுகிறது, கவனித்துக்கொள்ளுங்கள்.

இங்கே கொஞ்ச நேரம் அமைதியாக நில்லுங்கள். குழியில் அடுக்கிக் கிடத்தப்பட்டிருந்த அந்த இளம்பெண்கள் பலி கொடுக்கப்பட்டவர்கள். நகரத்தின் திறமையைக் கொண்டாடும் எந்தப் பேச்சும் அவர்களையும் சேர்த்துத்தான் பேச வேண்டும். குழுவாகச் சிரித்துப் படமெடுக்க இது இடமல்ல.

திடலைக் கடப்பது

இப்போது வடக்கே திரும்புங்கள். இரட்டை மேடுகளுக்கும் பெரிய மேட்டுக்கும் நடுவே விரிந்து கிடக்கும் வெட்டவெளிதான் பெருந்திடல், 40 முதல் 50 ஏக்கர். பெரும்பாலோர் இதைக் காலி நிலம் என்று நினைத்து வேகமாகக் கடந்துவிடுவார்கள். நான் இங்கே வருகிறவர்களிடம் மன்றாடிக் கேட்பது ஒன்றுதான், இந்தத் திடலை மெதுவாக நடந்து கடங்கள். ஏனென்றால் இதுவும் கட்டப்பட்டது. ஆறு விட்டுச்சென்ற மேடுபள்ளமான நிலம் இது. மேட்டை வெட்டி, பள்ளத்தை நிரப்பி, இத்தனை பெரிய பரப்பைச் சமப்படுத்தியிருக்கிறார்கள் என்பது மண்ணைத் துளையிட்டுப் பார்த்த பிறகே தெரிந்தது. மேடுகளைக் கட்டிய உழைப்பு கண்ணுக்குத் தெரிகிறது, திடலைக் கட்டிய உழைப்பு தெரிவதில்லை.

இந்தத் திடலில் என்ன நடந்தது? விளையாட்டு நடந்தது. சங்கி என்று பெயர். கல்லில் வட்டமாகக் கடைந்த சக்கரம் ஒன்றை உருட்டிவிடுவார்கள். அது எங்கே போய் விழும் என்று கணித்து, ஓடிக்கொண்டே ஈட்டி எறிவார்கள். யாருடைய ஈட்டி கல்லுக்கு அருகில் விழுகிறதோ அவருக்கு வெற்றி. பிற்கால ஐரோப்பியப் பயணிகள் தென்கிழக்குப் பழங்குடியினர் இதை ஆடுவதைப் பார்த்து எழுதியிருக்கிறார்கள், பந்தயமும் பெரிதாக வைப்பார்களாம். விருந்தும் நடந்தது. திடலின் வடகிழக்கே 51ஆம் எண் மேட்டின் அடியில், மண் எடுத்த பெரிய பள்ளம் ஒன்று விருந்துக் கழிவால் நிரம்பிக் கிடந்தது. மான் எலும்புகள், உடைந்த பானைகள், புகையிலை விதைகள் என்று அடுக்கடுக்காக. பல்லாயிரம் பேர் கூடி உண்ட விழாக்களின் மிச்சம் அது.

கூடியவர்கள் எல்லாரும் உள்ளூர்க்காரர்கள் அல்லர். வளர்ந்த ஊரின் மண்ணைக் காட்டிக்கொடுக்கும் ஸ்ட்ரான்சியம் என்ற தனிமத்தைப் பல்லில் அளந்து 2014இல் வெளிவந்த ஆய்வு ஒன்று, இங்கே அடக்கமானவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவர் வேறு ஊர்களில் பிறந்து வளர்ந்தவர் என்று காட்டியது. பொருள்களும் தூரத்திலிருந்து வந்தன. சிப்பி மெக்சிகோ வளைகுடாவிலிருந்தும், செம்பு சுபீரியர் ஏரிப் பக்கத்திலிருந்தும் வந்தது. 2012இல் இங்கே கிடைத்த சிறு குவளைகளின் உள்பக்கத்தைச் சோதித்தபோது, ஒருவகை ஹாலிச் செடியின் இலையில் காய்ச்சிய காஃபின் பானத்தின் எச்சம் இருந்தது. அந்தச் செடி வளரும் பகுதி இங்கிருந்து பல நூறு கிலோமீட்டர் தெற்கே இருக்கிறது.

திடலில் நடக்கும்போது ஓரங்களில் தேங்கி நிற்கும் குட்டைகளையும் பள்ளங்களையும் கவனியுங்கள். அவற்றில் பல மேடு கட்ட மண் எடுத்த குழிகள். குளம் வெட்டினால் அந்த மண்ணே கரையாக ஏறுவதுபோல, இங்கே வெட்டிய மண் மேடாக ஏறியிருக்கிறது. ஒரு மேட்டைப் பார்த்ததும் அதன் பள்ளம் எங்கே என்று தேடப் பழகிக்கொண்டால், நகரம் கண்முன் தானாகக் கூடிவரும்.

வடக்கு ஓரத்தை நெருங்கும்போது எச்சரிக்கை. காலின்ஸ்வில் சாலை பெருந்திடலின் குறுக்கே ஓடுகிறது, வண்டிகள் வேகமாக வரும். குழந்தைகளின் கையைப் பிடித்துக்கொண்டு கடங்கள். உலகப் பாரம்பரியச் சின்னம் ஒன்றின் நெஞ்சின் மேல் சாலை போட்டு வைத்திருப்பதைப் பார்க்கும்போது எனக்குக் கோபம் வரும், உங்களுக்கும் வரலாம்.

இப்போது ஏறுங்கள்

சாலைக்கு வடக்கே நிற்பது மங்க்ஸ் மேடு. உயரம் சுமார் 100 அடி, அடிப்பரப்பு சுமார் 14 ஏக்கர், அதாவது எகிப்தின் பெரிய பிரமிடின் அடிப்பரப்பை ஒத்தது. நான்கு தளங்கள். ஏறக்குறைய 6 லட்சம் கன மீட்டர் மண், எல்லாம் கூடையில் வந்தது. 1809 முதல் 1813 வரை பக்கத்து மேட்டில் தங்கியிருந்த டிராப்பிஸ்ட் என்ற கத்தோலிக்கப் பிரிவின் துறவிகள் இதன் தளத்தில் தோட்டம் போட்டார்கள், 'மங்க்ஸ்' (துறவிகள்) என்ற பெயர் அவர்களால் வந்தது. கட்டியவர்களோடு அந்தப் பெயருக்கு எந்த உறவும் கிடையாது.

படிகள் தெற்கு முகத்தில் இருக்கின்றன, 150க்கும் மேல். முதல் தளம் வரை ஒரு வரிசை, அங்கிருந்து மேலே இன்னொரு வரிசை. லிஃப்ட் கிடையாது. முழங்கால் வலி உள்ள பெற்றோரை அழைத்துப் போகிறவர்கள் முதல் தளத்தோடு நிறுத்திக்கொள்ளலாம், அங்கிருந்தே திடல் முழுவதும் தெரியும். இன்றைய படிகள் பழைய நகரத்தின் மரப்படிகள் இருந்த போக்கிலேயே ஏறுகின்றன.

ஏறும்போது பக்கச் சரிவுகளைப் பாருங்கள். சில இடங்களில் மேடு வயிறு தள்ளியதுபோல் சரிந்திருக்கும். இந்தச் சமவெளியின் களிமண் ஈரத்தில் உப்பும், காய்ந்தால் சுருங்கி வெடிக்கும். அப்படிப்பட்ட மண்ணில் 100 அடி உயரம் எழுப்புவது விளையாட்டல்ல. கட்டியவர்கள் களிமண்ணையும் மணல் கலந்த மண்ணையும் மாற்றிமாற்றி இட்டு, நீர் வடியவும் நடுப்பகுதி ஒரே ஈரத்தில் இருக்கவும் வழி செய்திருக்கிறார்கள். எண்ணூறு, தொள்ளாயிரம் ஆண்டு மழைக்குப் பிறகும் நிற்கிறது என்றால் அது அந்த அறிவால்தான். அண்மைக் காலச் சரிவுகளைச் சீர்செய்ய இன்றைய பொறியாளர்கள் பட்ட பாட்டைப் படித்தால் மேட்டைக் கட்டியவர்கள் மேல் உங்கள் மதிப்பு இன்னும் கூடும்.

உச்சியில் 100 அடிக்கும் அதிக நீளமுள்ள மாபெரும் மரக்கட்டடம் ஒன்று நின்றது. இப்போது புல்தரைதான். அங்கே நின்று தெற்கே பாருங்கள். நீங்கள் நடந்துவந்த திடல், அதன் முடிவில் இரட்டை மேடுகள், அதற்கும் அப்பால் 72ஆம் மேடு. ஒரே நேர்கோடு தெரியும். சரியான வடக்கு தெற்காக இல்லாமல் சுமார் 5 பாகை விலகிய அந்தக் கோட்டை ஒட்டித்தான் நகரம் திட்டமிடப்பட்டது. கீழே நடக்காமல் நேராக மேலே வந்திருந்தால் இது வெறும் புல்வெளிக் காட்சி. தென்மேற்கே தெளிவான நாளில் செயின்ட் லூயிஸின் வளைவுச் சின்னம் மின்னும். நடுவே ஒரு குப்பைக் கிடங்கின் மலையும் நிற்கிறது, அதுவும் கண்ணில் படத்தான் செய்யும்.

நகரத்தின் மையத்தைச் சுற்றி ஏறக்குறைய 3 கிலோமீட்டர் நீள மரச்சுவர் இருந்தது. 1175ஐ ஒட்டி எழுப்பி, பிறகு மூன்று முறை மீண்டும் கட்டினார்கள். ஒவ்வொரு முறைக்கும் 15,000 முதல் 20,000 மரங்கள். சீரான இடைவெளியில் காவல் மேடைகள். ஏதோ அச்சம் இருந்திருக்கிறது, யாரைக் கண்டு என்பது தெரியவில்லை.

கம்ப வட்டம்

இறங்கியதும் காரில் ஏறி மேற்கே ஒரு கிலோமீட்டருக்கும் குறைவாகப் போங்கள். சாலையின் வடபுறம் செந்நிற மரக்கம்பங்கள் வட்டமாக நிற்கும். 1961இல் நெடுஞ்சாலை வேலைக்கு முன்னால் அவசரமாகச் செய்த அகழாய்வில், வாரன் விட்ரி என்ற ஆய்வாளர் விசித்திரமான நீள்குழிகள் வளைவாக அமைந்திருப்பதைக் கவனித்தார். வெவ்வேறு காலங்களில் ஐந்து வட்டங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அமைந்திருந்தன. முதல் நான்கில் 24, 36, 48, 60 எனக் கம்பங்களின் எண்ணிக்கை 12இன் மடங்காக ஏறுகிறது. 48 கம்பங்கள் கொண்ட வட்டத்தை 1985இல் அதே இடத்தில் மீண்டும் நட்டார்கள்.

நடுக்கம்பத்தின் அருகே நின்று கிழக்கே பார்த்தால், பகலும் இரவும் சமமாக இருக்கும் மார்ச், செப்டம்பர் நாள்களில் சூரியன் மங்க்ஸ் மேட்டிலிருந்தே எழுவதுபோல் தெரியும். அந்த நாள்களையும், கோடையில் பகல் மிக நீளும் நாளையும், குளிர்காலத்தில் பகல் மிகக் குறுகும் நாளையும் ஒட்டிய ஞாயிற்றுக்கிழமைகளில் விடியற்காலை இங்கே மக்கள் கூடுவது வழக்கம். முடிந்தால் அப்படி ஒரு நாளைத் தேர்ந்தெடுங்கள், அன்று மட்டும் என் வரிசையை மாற்றி முதலில் இங்கே வரலாம். நாள்காட்டி தவிர வேறு சடங்குகளுக்கும் வட்டம் பயன்பட்டிருக்கலாம்.

காதில் விழும் கதைகளில் எதை ஒதுக்குவது

இணையத்தில் தேடினால் வேற்றுக்கிரகவாசி முதல் தொலைந்த வெள்ளை இனம் வரை எல்லாம் வரும். இரண்டாவது கதைக்கு மோசமான வரலாறு உண்டு. 19ஆம் நூற்றாண்டில் பழங்குடியினரை அவர்கள் நிலத்திலிருந்து விரட்டிக்கொண்டிருந்த காலத்தில், 'இந்த மேடுகளைக் கட்டியவர்கள் இவர்களின் முன்னோர் அல்லர், மறைந்துபோன வேறோர் இனம்' என்று சொல்வது பலருக்கு வசதியாக இருந்தது. ஸ்மித்சோனியன் நிறுவனத்துக்காகச் சைரஸ் தாமஸ் 1894இல் வெளியிட்ட பேரறிக்கை அந்தப் பொய்யை உடைத்தது. யாராவது உங்களிடம் அதை மறுபடியும் சொன்னால் தயங்காமல் மறுத்துச் சொல்லுங்கள்.

'மர்மமாக மறைந்த மக்கள்' என்பதும் அப்படித்தான். 1200க்குப் பிறகு மக்கள்தொகை குறையத் தொடங்கி, 1350 வாக்கில் நகரம் காலியானது. பெருவெள்ளம், வறட்சி, உட்பூசல் எனப் பல காரணங்கள் பேசப்படுகின்றன. காட்டை அழித்ததால் வெள்ளம் வந்து கெட்டார்கள் என்ற விளக்கம் நெடுநாள் செல்வாக்கோடு இருந்தது. 2021இல் வெளியான மண் ஆய்வு, மேடுகளின் அடியில் அப்படி ஒரு வெள்ள அரிப்புக்கான தடயமே இல்லை என்று காட்டியது. ஊர் கலைந்தது, மக்கள் மறையவில்லை. ஓசேஜ், குவாபா, ஓமஹா, போன்கா, கான்சா பழங்குடி மக்களின் வாய்மொழி மரபுகளும் அறிஞர் பலரின் ஆய்வுகளும் அவர்களை இந்தப் பகுதியோடு இணைக்கின்றன. அவர்கள் இன்றும் இருக்கிறார்கள். 1500களிலேயே வேறு பழங்குடிக் குழுக்கள் இங்கே மீண்டும் குடியேறியதற்கும் சான்று கிடைத்திருக்கிறது.

அழிந்ததும் மீட்டதும்

செயின்ட் லூயிஸுக்கே ஒருகாலத்தில் 'மேடுகளின் நகரம்' என்று பெயர். அங்கிருந்த மேடுகளை ஒவ்வொன்றாக வெட்டித் தீர்த்தார்கள். மிகப் பெரியது 1869இல் முற்றாகப் போனது, அதன் மண் ரயில்பாதைக்கு நிரப்பானது. கஹோக்கியாவின் மேற்குப் பகுதியில் இருந்த பவல் மேடு, இந்த நகரத்தின் பெரிய மேடுகளில் ஒன்று, 1930–31இல் விவசாயத்துக்காக நிரவப்பட்டது. 1925இல் மாநில அரசு 144 ஏக்கரை வாங்கியதால் மங்க்ஸ் மேடு தப்பியது. பிறகும் மேடுகளுக்கு நடுவே வீட்டுமனைகள் வந்தன, திறந்தவெளித் திரையரங்கு ஒன்றுகூட வந்தது. அவற்றை விலைகொடுத்து வாங்கி அகற்றித்தான் இன்று 2,200 ஏக்கர் வளாகம் உருவாகியிருக்கிறது.

ஆகவே விதிகளை மதியுங்கள். மங்க்ஸ் மேட்டைத் தவிர வேறு எதன் மேலும் ஏறக் கூடாது, அதிலும் படியில் மட்டுமே. சரிவில் ஒருவர் ஓடிய தடத்தில் அடுத்த மழை வாய்க்கால் வெட்டிவிடும். தரையில் பானை ஓடோ கல்முனையோ கண்ணில் பட்டால் எடுக்காதீர்கள், எடுப்பது சட்டப்படி குற்றம். எந்த இடத்தில் கிடந்தது என்பதுதான் அதன் பாதிச் செய்தி, பையில் போட்ட நொடியில் அது போய்விடும். பணியாளர் யாரும் இருந்தால் இடத்தைக் காட்டிவிட்டு வாருங்கள்.

நேரம் மிச்சமிருந்தால், அல்லது வேறு ஊரில் இருந்தால்

செயின்ட் லூயிஸ் நகருக்குள் தெற்கே, மிசிசிப்பியைப் பார்த்தபடி சுகர்லோஃப் என்ற மேடு எஞ்சியிருக்கிறது. நகர எல்லைக்குள் மிச்சமிருக்கும் கடைசி மேடு அது. 2009இல் ஓசேஜ் பழங்குடி அரசு அந்த நிலத்தை வாங்கத் தொடங்கியது. வெளியே சாலையில் நின்று பார்க்கலாம், உள்ளே நுழையக் கூடாது.

சிகாகோ, மில்வாக்கி பக்கம் இருப்பவர்களுக்கு விஸ்கான்சினில் அஸ்டலான் இருக்கிறது. கஹோக்கியாவிலிருந்து போனவர்களின் தொடர்போடு வளர்ந்த ஊர் அது. மரச்சுவரின் ஒரு பகுதியை அங்கே மீண்டும் கட்டி நிறுத்தியிருக்கிறார்கள். அட்லாண்டாவில் இருப்பவர்கள் ஒரு மணி நேரப் பயணத்தில் கார்ட்டர்ஸ்வில் அருகே எடோவா மேடுகளையும், கொஞ்சம் தெற்கே மேக்கன் நகரில் ஓக்மல்கியையும் பார்க்கலாம். ஓக்மல்கியில் மண்ணுக்குள் தாழ்ந்த சபை மண்டபம் ஒன்றின் மூலத் தரை அப்படியே இருக்கிறது, சுமார் ஆயிரம் ஆண்டுப் பழமையானது. அதன் மேல் கூரையெழுப்பி, உள்ளே போய்ப் பார்க்க விடுகிறார்கள். அலபாமாவில் மவுண்ட்வில், இண்டியானாவில் எவன்ஸ்வில் அருகே ஏஞ்சல் மேடுகள். எங்கே போனாலும் இதே முறை செல்லும். முதலில் திடலைக் கண்டுபிடியுங்கள், மண் எடுத்த பள்ளத்தைத் தேடுங்கள், மேட்டின் வகையைப் பாருங்கள். ஏறுவதைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள்.